பிரித்தானிய வீட்டுக் கொதிகலன்கள்: எளிமையும் சிக்கலும்

குளிர் நாடுகளில் அறைகளைச் சூடாக்கவும், குளியலுக்கும் சமையலறைக்கும் வெந்நீர் தரவும் வீட்டில் பொருத்தப்படும் கருவி வீட்டுக் கொதிகலன் எனப்படும். பெயரில் கொதி என்று இருந்தாலும், இன்றைய பிரித்தானிய வீட்டுக் கொதிகலனுக்குள் நீர் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 55 முதல் 80 பாகை செல்சியசு வரை சூடான நீர் குழாய் வழியே ஒவ்வோர் அறையிலும் உள்ள ரேடியேட்டருக்குப் போய், சூட்டை அங்கே விட்டுவிட்டு, ஆறித் திரும்பி வருகிறது. தமிழ்நாட்டுப் பழைய வீடுகளின் குளியலறையில் நின்ற செம்புப் பாய்லரைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல: நடுவே நெருப்பு, சுற்றிலும் நீர். பிரித்தானியக் கொதிகலனில் அந்த நீர் வீடு முழுவதும் சுற்றி வர வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நீரைச் சுற்றவைப்பது எது? சூட்டில் விரியும் நீருக்கு எங்கே இடம்? நெருப்பு அணைந்தால் எரிபொருளை யார் நிறுத்துவது? புகை எந்த வழியாக வெளியேறும்? இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் தன் கையில் இருந்த எரிபொருளையும் சட்டத்தையும் வைத்து ஒரு விடை சொன்னது. அந்த விடைகளே இன்று பின்கொதிகலன், சாதாரணக் கொதிகலன், சிஸ்டம் கொதிகலன், காம்பி கொதிகலன் என்று தனித்தனி வகைகளாக அறியப்படுகின்றன. எது எளியது என்று கேட்டால் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். விற்பவர் காம்பியைக் காட்டுவார். சுவரில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். பழுதுபார்ப்பவர் பழைய சாதாரணக் கொதிகலனைக் காட்டுவார். திறந்தால் உள்ளே சில பாகங்களே இருக்கும். இருவர் சொல்வதும் சரி. ஒருவர் வீட்டை எண்ணுகிறார், மற்றவர் பெட்டியை எண்ணுகிறார்.

முன்னோடிகள்

வெந்நீரைச் சுற்றவிட்டு வெப்பம் பெறும் முறை முதலில் மனிதருக்காகச் செய்யப்படவில்லை. 1770களில் பிரான்சில் பொன்மேன் என்பவர் கோழி முட்டைகளைப் பொரிக்கவைக்க இதைப் பயன்படுத்தினார். முட்டைக்கு வெப்பம் சீராக இருக்க வேண்டும். அதற்காக, ஈயமும் இரும்பும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிவதைக் கொண்டு அடுப்புக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கருவியையும் அவர் அமைத்தார். இன்றைய தெர்மோஸ்டாட்டின் மூதாதைகளில் அதுவும் ஒன்று.

இங்கிலாந்தில் 1831ஆம் ஆண்டு ஏஞ்சியர் மார்ச் பெர்க்கின்சு என்ற பொறியாளர் காப்புரிமை பெற்ற முறை வியப்பூட்டுவது. தடித்த சுவரும் குறுகிய துளையும் கொண்ட இரும்புக் குழாயை ஒரே தொடர்ச்சியான வளையமாக்கி, அதன் ஒரு பகுதியைச் சுருளாக உலைக்குள் வைத்து, முழுவதையும் இறுக மூடிவிட்டார். மூடிய குழாய்க்குள் நீர் 100 பாகையைத் தாண்டியும் நீராகவே இருந்தது. விரிவுக்கு இடம் கொடுக்க மேலே காற்று அடைபட்ட ஒரு தடித்த குழாய் இருந்தது. கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன் தன் லண்டன் வீட்டில் இந்த முறையைப் பொருத்திக்கொண்டார். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். மூடிய சுற்று, உள்ளே அழுத்தம், விரிவுக்குக் காற்றுமெத்தை என்ற மூன்றும் இன்றைய சிஸ்டம், காம்பி கொதிகலன்களின் அடிப்படை. அவை பிரித்தானியாவின் சராசரி வீட்டுக்கு வர மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

அதுவரை பெரும்பாலான வீடுகளில் இருந்தது கணப்புதான். நிலக்கரி மலிவு; திறந்த நெருப்பின் மீது பற்றும் அதிகம். 1945ஆம் ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ் ஆர்வெல் திறந்த கணப்புக்கு ஆதரவாகவே ஒரு செய்தித்தாள் கட்டுரை எழுதினார். கணப்பின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போனது. அருகில் உட்கார்ந்தவருக்கு முகம் சுட்டது, முதுகு குளிர்ந்தது.

பின்கொதிகலன்

கணப்புக்குப் பின்னால் வீணாகும் சூட்டைப் பிடிக்க ஒரு சிறு நீர்ப்பெட்டியை வைத்ததுதான் பின்கொதிகலன். பெட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் மேலே ஒரு செம்பு உருளைத் தொட்டிக்குப் போகும். சூடான நீர் இலேசாகி ஏறும். ஆறிய நீர் கனத்து இறங்கும். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, கட்டுப்பாட்டுக் கருவி எதுவும் இல்லை. பாகங்களை எண்ணினால் இதைவிட எளிய கொதிகலன் கிடையாது.

இயற்கையாக நடக்கும் இந்தச் சுற்றின் வலு மிகக் குறைவு. 80 பாகை நீருக்கும் 60 பாகை நீருக்கும் அடர்த்தி வேறுபாடு ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டும். மூன்று மீட்டர் உயர வேறுபாட்டில் கிடைக்கும் தள்ளுவிசை மூன்றரை சென்டிமீட்டர் உயர நீரின் எடைக்கும் குறைவு. அதனால் குழாய்கள் தடிமனாக இருக்க வேண்டும், சீராகச் சாய்ந்து ஏற வேண்டும், எங்கும் காற்று தங்கக் கூடாது. பெட்டியில் இல்லாத நுட்பம் குழாய் பதிப்பவரின் கையில் இருந்தது. அவர் தவறாகச் சாய்த்த ஒரு குழாய் அந்த வீட்டுக்கு ஆயுள் முழுதும் தொல்லை.

எளிமைக்கு இன்னொரு விலையும் இருந்தது. விக்டோரியா காலத்திலிருந்தே கடும் உறைபனி நாட்களில் சமையலறை அடுப்புகளின் கொதிகலன்கள் வெடிப்பது பிரித்தானியாவில் தெரிந்த ஆபத்து. இரவில் குழாய்களில் நீர் உறைந்து இரு வழியும் அடைபடும். காலையில் வேலைக்காரப் பெண் வழக்கம்போல் அடுப்பை மூட்டுவாள். சூடான நீருக்குப் போக இடமில்லை; அழுத்தத்தை வெளிவிட வால்வும் இல்லை. வார்ப்பிரும்புப் பெட்டி குண்டுபோல் சிதறும். அந்தக் கருவிக்குத் தான் ஆபத்தில் இருப்பது தெரியாது. தெரிந்துகொள்ள அதில் ஒரு பாகமும் இல்லை. கொதிகலன்களின் சிக்கலைக் குறை சொல்லும்போது மறக்கக் கூடாத செய்தி இது.

வாயு நெருப்பும் இதே பாடத்தைக் கற்றது. 1868ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மோகன், திறந்தவுடன் வெந்நீர் தரும் வாயு அடுப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரை வைத்து அதைக் கீசர் என்றார். இந்தியக் குளியலறைகளில் இன்று மின்சாரத்தில் ஓடும் பெட்டிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. மோகனின் கீசருக்குப் புகைபோக்கி இல்லை. எரிந்த வாயு குளியலறைக்குள்ளேயே கலந்தது. புகை வெளியேற வழி, நெருப்பைக் காவல் காக்க ஒரு கருவி என்று பின்னர் சேர்ந்த ஒவ்வொன்றும் அதைச் சிக்கலாக்கியது, குளிப்பவரைக் காத்தது. செருமனியில் பின்னாளில் விமானங்களால் புகழ்பெற்ற ஊகோ யுங்கர்சு 1890களில் இத்தகைய நீர்ச்சூடாக்கிகளைச் செம்மைப்படுத்தினார். காம்பியின் வெந்நீர்ப் பாதி இந்த மரபிலிருந்து வருகிறது.

புகைமூட்டமும் பம்பும் வாயுவும்

1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய பெரும் புகைமூட்டத்தில் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அந்த எண்ணை 12,000 வரை உயர்த்தின. 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை உருவாக்கியது. கணப்பில் சாதாரண நிலக்கரியை எரிப்பது அங்கெல்லாம் முடிவுக்கு வந்தது.

இதே காலத்தில் சுழற்சிப் பம்பு வீட்டு அளவுக்குச் சிறுத்தது. செருமானிய நிறுவனமான வீலோ 1920களின் இறுதியிலேயே குழாயில் பொருத்தும் சுழற்சி வேகமூட்டியை உருவாக்கியிருந்தது. 1950களில் பிரித்தானிய நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுச் சங்கம் சிறுகுழாய் வெப்பமூட்டல் என்ற முறையை வளர்த்தெடுத்தது. பம்பு தள்ளுவதால் அரை அங்குலச் செம்புக் குழாயே போதும். சாய்வு பற்றிய கவலையும் வேண்டாம். தரைப்பலகைக்கு அடியில் எப்படி வேண்டுமானாலும் கொண்டு போகலாம். நிலக்கரியின் சந்தையைக் காப்பாற்றவென்று செய்த இந்த ஆய்வு, கடைசியில் வாயுக் கொதிகலனுக்கு வழி திறந்துவிட்டது. தொழில் வரலாற்றில் இத்தகைய வேடிக்கைகள் அரிதல்ல. ஒரே ஒரு பாகம், அதாவது பம்பு, கொதிகலனோடு சேர்ந்ததால் வீடு முழுதும் குழாய் பதிக்கும் வேலை பெரிதும் எளிதானது. சிக்கலை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கும் பழக்கம் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

1961ஆம் ஆண்டு வெளிவந்த பார்க்கர் மாரிஸ் அறிக்கை, வெளியே உறைநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கும்போதும் கூடம், உணவறை ஆகியவற்றில் 18 பாகையும், சமையலறையிலும் நடைவழியிலும் 13 பாகையும் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. படுக்கையறைகள் அதில் சேரவில்லை. அன்றைய எதிர்பார்ப்பு அவ்வளவுதான். 1965ஆம் ஆண்டு வடகடலில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை வீடுகளுக்கு வந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த நகர வாயு. அதில் பாதியளவு ஐதரசன். நஞ்சான கார்பன் மோனாக்சைடும் கலந்திருந்தது. புதிய வாயு பெரும்பாலும் மீத்தேன். ஒரே கனஅளவில் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பம். பழைய எரிப்பான்களில் அதை எரிக்க முடியாது. 1967 முதல் 1977 வரை பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் வாடிக்கையாளர்களின் 4 கோடிக் கருவிகள் வீடு வீடாகச் சென்று மாற்றப்பட்டன. 1970ஆம் ஆண்டில் மைய வெப்பமூட்டல் கொண்ட வீடுகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அடுத்த முப்பது ஆண்டுகளில் அது ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் பரவியது.

வாயு வந்தபோது பின்கொதிகலன் மறையவில்லை. கணப்பு இருந்த இடத்தில் முன்னால் வாயு நெருப்பும் பின்னால் வாயுக் கொதிகலனும் வைத்து விற்றார்கள். பாக்ஸி நிறுவனத்தின் பெர்முடா அவ்வகையில் பெயர் பெற்றது. உள்ளூராட்சி வீடுகளில் இவை ஏராளமாகப் பொருத்தப்பட்டன. புகைபோக்கி ஏற்கெனவே இருந்ததால் சுவரை இடிக்க வேண்டியதில்லை.

சாதாரணக் கொதிகலன்

1970களிலும் 80களிலும் பிரித்தானிய வீட்டின் அடையாளமாக இருந்தது சாதாரணக் கொதிகலன். பெட்டிக்குள் இருப்பது வார்ப்பிரும்பு வெப்பப் பரிமாற்றி, எரிப்பான், வாயு வால்வு, தெர்மோஸ்டாட், எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு காவல்சுடர் ஆகியவை மட்டுமே. காவல்சுடரின் பக்கத்தில் ஒரு வெப்ப மின்னிரட்டை நீட்டிக்கொண்டிருக்கும். சுடரின் சூட்டில் அதில் பிறக்கும் சில பத்து மில்லிவோல்ட் மின்னழுத்தம் ஒரு சிறு மின்காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தக் காந்தம் வாயு வால்வைத் திறந்து வைத்திருக்கும். சுடர் அணைந்தால் மின்சாரம் நிற்கும், காந்தம் விடும், வால்வு மூடும். வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். பொறியியலில் இதைவிட நேர்மையான ஒரு பாகத்தைக் காட்டுவது கடினம்.

பெட்டிக்குள் இருந்த எளிமை வெளியே இல்லை. பரணில் இரண்டு தொட்டிகள்: குளிர்நீருக்கு ஒரு பெரியது, வெப்பச் சுற்றின் விரிவுக்கு ஒரு சிறியது. கொதித்து மேலேறும் நீர் வழிந்து விழ ஒரு திறந்த குழாய். மாடியில் ஓர் அலமாரிக்குள் நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் செம்பு உருளைத் தொட்டி. அதன் சூட்டில் துவைத்த துணிகளை உலர்த்துவார்கள். அதன் அருகே பம்பு, உருளைத் தெர்மோஸ்டாட், நீரை ரேடியேட்டருக்கோ தொட்டிக்கோ திருப்பும் மோட்டார் வால்வு. கூடத்தில் அறைத் தெர்மோஸ்டாட், சமையலறையில் நேரம் வைக்கும் கருவி. இவை எல்லாவற்றையும் இணைக்கும் கம்பிகள் ஒரு சிறு சந்திப்புப் பெட்டியில் முடிச்சிட்டுக் கிடக்கும். ஒரே மூவழி வால்வு கொண்ட அமைப்பை ஒய் பிளான் என்றும், இரண்டு தனி வால்வுகள் கொண்டதை எஸ் பிளான் என்றும் சொல்வர். ஒய் பிளானின் வால்வு நடுநிலையில் நின்று இரு பக்கமும் நீர் விடக்கூடியது. வால்வு ஒன்றுதான், ஆனால் அதன் கம்பி இணைப்பைப் புரிந்துகொள்வது புதியவருக்குத் தலைவலி.

இத்தனை தொட்டிகள் ஏன்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்களில் குழாய்நீர் நாள் முழுவதும் வரவில்லை, சேமித்தாக வேண்டும். வீட்டு நீர் பின்னோக்கி இழுக்கப்பட்டுப் பொதுக் குழாயில் கலந்துவிடக் கூடாது என்ற அச்சமும் இருந்தது. தமிழ்நாட்டில் மொட்டைமாடித் தொட்டி இருப்பதற்கான காரணமும் ஏறத்தாழ முதலாவதே. நீர் வரத்து சீரான பிறகும் விதிகள் தொட்டியை விடவில்லை.

திறந்த அமைப்பின் நற்குணம், அது எதையும் மன்னிக்கும். தெர்மோஸ்டாட் பழுதானால் நீர் கொதித்துப் பரண் தொட்டியில் விழும். இரைச்சல் வரும், ஆவி வரும், அழுத்தம் பெரும்பாலும் கூடாது. குறையும் அதே திறப்பில்தான். காற்றின் ஆக்சிசன் சுற்றுக்குள் நுழைந்து எஃகு ரேடியேட்டர்களை உள்ளிருந்து அரிக்கும். கரிய சேறு அடியில் படியும். ரேடியேட்டரின் மேற்பகுதி சுடும், அடிப்பகுதி சில்லென்றிருக்கும். ஆனாலும் வார்ப்பிரும்புப் பெட்டி இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தது. ஒவ்வொரு பாகமும் வீட்டின் வெவ்வேறு மூலையில் கண்ணுக்குத் தெரிய இருந்ததால், பழுது எங்கே என்று தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கொதிகலன் நின்றாலும் உருளைத் தொட்டியில் செருகிய மின்கம்பி வெந்நீர் தரும். ஒன்று போனால் எல்லாம் போவதில்லை.

பெட்டிக்குள் புகுந்த வீடு

1985ஆம் ஆண்டுக் கட்டட விதிகளும் அதையடுத்த நீர் விதி மாற்றங்களும், பொதுக் குழாயின் அழுத்தத்தை நேரடியாகத் தாங்கும் மூடிய வெந்நீர் அமைப்புகளை இங்கிலாந்திலும் வேல்சிலும் அனுமதித்தன. ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கு இது பழைய செய்தி. பிரித்தானியாவில் அந்தக் கதவு திறந்ததும் தொட்டிகள் பரணிலிருந்து இறங்கத் தொடங்கின.

சிஸ்டம் கொதிகலன் பாதி வழி வந்தது. பம்பு, விரிவுக்கலம், பாதுகாப்பு வால்வு ஆகியவை பெட்டிக்குள் போயின. விரிவுக்கலம் என்பது நடுவே ரப்பர்த் திரை கொண்ட ஓர் எஃகுக் குடுவை. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் நீர். பெர்க்கின்சின் காற்றுக் குழாய்க்குப் பேரப்பிள்ளை எனலாம். சுற்றின் அழுத்தம் ஆறிய நிலையில் ஒன்று முதல் ஒன்றரை பார். 3 பாரைத் தொட்டால் வால்வு திறந்து நீரை வெளியே விடும். உருளைத் தொட்டி மட்டும் மாடியில் தங்கியது. அதுவும் மூடிய வகையாக இருந்தால் மூன்று அடுக்குக் காவல் வேண்டும்: தெர்மோஸ்டாட், தானாக மீளாத வெப்பத்துண்டிப்பான், வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் திறக்கும் வால்வு. அழுத்தத்தில் 100 பாகையைத் தாண்டிய நீர் சட்டென்று விடுபட்டால் ஆயிரம் மடங்குக்கு மேல் ஆவியாக விரியும். விக்டோரியா காலத்துச் சமையலறைகள் அதைக் கண்டவை.

காம்பி கொதிகலன் மீதி வழியையும் கடந்தது. அது தொட்டியையே ஒழித்தது. வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் ஓட்ட உணரி அதைக் கண்டு சொல்லும்; திருப்பு வால்வு ரேடியேட்டர் சுற்றை மூடி, சூடான நீரை ஒரு தட்டு வெப்பப் பரிமாற்றிக்குத் திருப்பும்; புத்தக அளவேயான அந்தப் பாகத்தில் அடுத்தடுத்த மெல்லிய எஃகுத் தகடுகளுக்கிடையே குளிர்நீர் ஓடி நொடிகளில் சூடாகும். இதற்கு வலு வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் நீரை 35 பாகை உயர்த்த 24 கிலோவாட்டுக்கு மேல் தேவை. அதே வீட்டின் அறைகளைச் சூடாக்கக் குளிர்காலத்திலும் அதில் பாதிக்குக் குறைவாகவே போதுமாக இருக்கலாம். குளியலுக்காகப் பெரிதாக்கப்பட்ட எரிப்பான், மற்ற நேரங்களில் தன் வலுவைக் குறைத்துக்கொண்டு எரியத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மின்னணுப் பலகை வேண்டும். தொட்டியை எடுத்ததன் விளைவு எரிப்பானுக்கும் கட்டுப்பாட்டுக்கும் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

காம்பியின் வெற்றிக்குக் காரணம் இடம். சிறிய அடுக்ககத்தில் ஓர் அலமாரி மிச்சம், பரணில் உறைந்து வெடிக்கத் தொட்டி இல்லை, பொருத்த ஆகும் செம்பும் நேரமும் குறைவு. 2010களின் இறுதிக்குள் இங்கிலாந்து வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இது இருந்தது. மிச்சமானது பெரும்பாலும் கட்டுபவருக்கு. உள்ளே நுழைந்த சிக்கல் குடியிருப்பவருக்கு. லண்டனின் கடின நீரில் தட்டுப் பரிமாற்றியில் சுண்ணாம்பு படியும். திருப்பு வால்வு பாதியில் நின்றால், கோடையில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் ரேடியேட்டரும் சுடும். இரண்டு குளியலறைகளில் ஒரே நேரத்தில் குளித்தால் இருவருக்கும் ஒல்லியான ஓட்டமே. மின்சாரம் போனால் அறைச்சூடு, வெந்நீர் இரண்டும் போகும்.

ஆவியைப் பிடித்தல்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, புகையோடு போகும் கடைசிச் சூட்டையும் பிடிக்கும் முயற்சி நெதர்லாந்தில் தீவிரமடைந்தது. 1981ஆம் ஆண்டு அந்நாட்டின் நெஃபிட் நிறுவனம் ஒடுக்கக் கொதிகலனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கனமீட்டர் மீத்தேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது. அந்த ஆவியை மீண்டும் நீராக்கினால் ஏறத்தாழ 11 விழுக்காடு கூடுதல் வெப்பம் கிடைக்கும். அதற்குப் புகை 55 பாகைக்குக் கீழே ஆற வேண்டும். அதாவது ரேடியேட்டரிலிருந்து திரும்பும் நீர் அதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும்.

சொல்ல எளிது. ஆறிய புகை தானாக மேலேறாது. விசிறி தள்ள வேண்டும். ஒடுங்கும் நீர் அமிலத்தன்மை கொண்டது, வார்ப்பிரும்பை அரிக்கும், துருப்பிடிக்காத எஃகோ அலுமினியக் கலவையோ வேண்டும். அந்த நீரை வெளியேற்ற ஒரு பிளாஸ்டிக் குழாயும், புகை அதன் வழியே வீட்டுக்குள் வராதபடி ஒரு நீர்ப்பூட்டும் வேண்டும். காற்றும் வாயுவும் முன்கூட்டியே சரியான விகிதத்தில் கலக்க வேண்டும். விசிறியின் உறிஞ்சலுக்கு ஏற்ப வாயு வால்வு தானே அளந்து விடும். காவல்சுடர் போய்விட்டது. பற்றவைக்கும் பொறியும், சுடரின் வழியே பாயும் மிகச் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு சுடர் இருப்பதை உறுதிசெய்யும் மின்முனையும் அதன் இடத்தைப் பிடித்தன.

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தும் வாயுக் கொதிகலன், சில விலக்குகள் தவிர, ஒடுக்க வகையாகவே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பழைய வீடுகளில் குழாயும் ரேடியேட்டரும் மாறவில்லை. பல இடங்களில் நீரின் வெப்பநிலையும் பழையபடி உயர்வாகவே வைக்கப்பட்டது. திரும்பும் நீர் 55 பாகைக்கு மேல் இருந்தால் ஒடுக்கக் கொதிகலன் ஒடுக்குவதில்லை. விலை கொடுத்து வாங்கிய சிக்கலின் பயன், சுற்றியுள்ள எளிய பாகங்களைச் சரியாக அமைக்காததால் குறைந்தது.

2010ஆம் ஆண்டு டிசம்பரின் கடுங்குளிரில் இன்னொரு பலவீனம் வெளிப்பட்டது. வெளிச்சுவரில் மெல்லிய குழாயாக விடப்பட்டிருந்த ஒடுக்க நீர்க்குழாய்கள் நாடெங்கும் உறைந்தன. நீர் போக வழியின்றிக் கொதிகலன்கள் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டன. ஆண்டின் மிகக் குளிர்ந்த நாட்களில், மிகத் தேறிய கொதிகலன், விரல் தடிமன் பிளாஸ்டிக் குழாய் ஒன்றினால் நின்றுபோனது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளுக்கு அது சிறிய சங்கடமல்ல. தீர்வு, வெதுவெதுப்பான நீரைக் குழாய்மேல் ஊற்றுவதுதான். விக்டோரியா காலத்திலும் உறைந்தது குழாய்தான்; அப்போது அடுப்பு வெடித்தது, இப்போது கொதிகலன் நின்றது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் உணரிகளும் பலகைகளும் நிரப்பியிருக்கின்றன. பாகங்களின் எண்ணிக்கையை வைத்து மட்டும் கொதிகலனை எடைபோடுவோர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

யார் திறக்கலாம்

1968ஆம் ஆண்டு மே 16 அன்று கிழக்கு லண்டனின் ரோனன் பாயின்ட் அடுக்ககத்தில் 18ஆம் மாடி வீடொன்றில் வாயு வெடித்து, 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை சரிந்தது, நால்வர் இறந்தனர். வாயு அடுப்பின் இணைப்பில் இருந்த ஒரு தரமற்ற பித்தளை மரை அதன் தொடக்கம். 1970ஆம் ஆண்டு வாயுப் பொருத்துநர்களைப் பதிவுசெய்யும் கார்கி அமைப்பு உருவானது. 1991 முதல் பதிவு கட்டாயமாயிற்று. 2009ஆம் ஆண்டு அதன் இடத்தைக் கேஸ் சேஃப் பதிவேடு பிடித்தது. பழைய கொதிகலனில் காவல்சுடர் அணைந்தால் வீட்டுக்காரரே மண்டியிட்டுப் பற்றவைத்துக்கொண்டார். வெளியிலிருந்து காற்றை இழுத்து வெளியே புகையை விடும் இன்றைய மூடிய பெட்டியில், மேலுறையே பலவேளை காற்றுப் பூட்டின் ஒரு பகுதி. அதைக் கழற்றப் பதிவுபெற்றவருக்கே உரிமை. வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது திரையில் தோன்றும் ஒரு பிழை எண். அந்த எண் சுட்டும் பாகம் பழுதாகாமலும் இருக்கலாம். மின்னணுப் பலகை தனக்கு வந்த செய்தியைச் சொல்கிறதே தவிர, செய்தி கொண்டுவந்த கம்பியைச் சோதிப்பதில்லை. பழுது இருபது பவுண்டு உணரியிலா நூற்றுக்கணக்கில் விலைபோகும் பலகையிலா என்பது, வந்து பார்ப்பவரின் பொறுமையைப் பொறுத்தது.

இப்போது வாயுவைக் குறைக்கும் கொள்கையால் வெப்ப எக்கிகள் வருகின்றன. அவை வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தருபவை. நெருப்பும் புகையும் இல்லை. ஆனால் காம்பிபோல் நொடியில் 24 கிலோவாட் தர அவற்றால் இயலாது. மெதுவாகச் சூடாக்கிச் சேமித்துவைக்க உருளைத் தொட்டி மீண்டும் வேண்டும். குறைந்த வெப்பநிலையில் ஓடப் பெரிய ரேடியேட்டர்களும், சில வீடுகளில் தடித்த குழாய்களும் வேண்டும். காம்பி வந்தபோது அலமாரியை இடித்துக் குளியலறையைப் பெரிதாக்கியவர்கள், அந்தத் தொட்டியை எங்கே வைப்பது என்று இடம் தேடுகிறார்கள்.